வேலையற்ற நாளுக்கு யார் சாட்சி?



தொழிலாளர் நலம் குறித்து ஆண்டுதோறும் ஒருவர் வந்து பேச வேண்டும் என்று ஒரு குடும்பம் தன் சேமிப்பிலிருந்து பணம் ஒதுக்கியிருக்கிறது. இருக்கிற சட்டங்களைப் பற்றி எனக்கு முன் வந்தவர்கள் நிறையப் பேசியிருப்பார்கள். சட்டம் இன்னும் கைவைக்காத ஓர் இடத்தைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். யாருடைய சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாத ஒருவர் பிழைப்பை இழந்தால், வேலையிழப்பு உதவித்தொகை பெறும் தகுதி அவருக்கு உண்டா? இதுதான் என் கேள்வி.

சென்னையில் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி தவணையில் வாங்கியது. ஒரு நாள் காலையில் செயலியைத் திறக்கிறார். உள்ளே போக முடியவில்லை. ‘ஐடியை பிளாக் பண்ணிட்டாங்க’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான். வாடிக்கையாளர் யாரோ புகார் கொடுத்திருக்கலாம், ரேட்டிங் இறங்கியிருக்கலாம், முகத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் அவரை அடையாளம் காணாமல் போயிருக்கலாம். காரணம் தெரியவே சில நாள் ஆகும். சிலருக்குக் கடைசிவரை தெரியாது. வருமானம் அன்றே நின்றுபோகிறது, தவணை நிற்பதில்லை.

அதே நாளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வெளியே வருபவருக்கு நோட்டீஸ் உண்டு. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாக உண்டு. வைப்பு நிதி இருக்கும். ஈஎஸ்ஐ காப்பீட்டில் இருந்தவர் என்றால், 2018 ஜூலையில் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் சில மாதங்களுக்கு ஒரு தொகை கேட்கலாம். இவை போதுமா என்பது வேறு கேள்வி. இவருக்கு வேலை போய்விட்டது என்பதை அரசு ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்புதலே பெரிய விஷயம். ஐடி பிளாக் ஆன இளைஞருக்கு அந்த ஒப்புதலே கிடைப்பதில்லை. நம் நாட்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாராந்திர அளவீட்டின்படி, முந்தைய ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். திங்கட்கிழமை இரண்டு ஆர்டர் கொடுத்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை பிழைப்பை இழந்தவர், அந்த வாரக் கணக்கில் வேலையுள்ளவராகவே எண்ணப்படுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு வழி செய்ய வேண்டும் என்கிறது. வேலையின்மைதான் அந்தப் பட்டியலில் முதலில் நிற்கிறது. கூலிக்காரர், சுயதொழில் செய்பவர் என்ற பிரிவினை அங்கே இல்லை. அது நெறிமுறைக் கோட்பாடுதான். அதை வைத்து வழக்குப் போட்டுப் பணம் வாங்க முடியாது. ஆனாலும் அரசியலமைப்பை எழுதியவர்கள் எதை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

அடுத்தது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது. கிக் தொழிலாளர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை நாடாளுமன்றச் சட்டமொன்று முதன்முறையாகச் சொன்னது இதில்தான். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். முதலாளி–தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே உழைத்துச் சம்பாதிப்பவர் என்று அது அவரை வரையறுக்கிறது. செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காட்டை அது தாண்டக் கூடாது. அந்த நிதியிலிருந்து என்னென்ன திட்டம் தீட்டலாம் என்று 114ஆம் பிரிவு அடுக்குகிறது: உயிரிழப்பு, உடல் ஊனக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, மருத்துவம், மகப்பேறு, முதுமைப் பாதுகாப்பு, குழந்தைக் காப்பகம். வேலையிழப்பு அதில் இல்லை. ‘அரசு தீர்மானிக்கும் பிற நன்மைகள்’ என்று கடைசியில் ஒரு வரி மட்டும் இருக்கிறது. அடிபட்டால் உதவி, இறந்தால் உதவி; நல்ல உடம்போடு வேலையில்லாமல் நின்றால் உதவி கிடையாது.

தமிழ்நாட்டில் 2006 முதல் படித்த வேலையற்றோர் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்தவருக்கு, படிப்பைப் பொறுத்து மாதம் ₹200 முதல் ₹600 வரை. சுயதொழிலில் இருப்பவருக்கு அது கிடைக்காது. அந்த விதியில் தவறு சொல்ல முடியாது. அது முதல் வேலைக்குக் காத்திருப்போருக்கான திட்டம். ஆனால் நம் இளைஞர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். தொழிலாளி என்று கேட்கப் போனால் சுயதொழில் என்பார்கள். வேலையற்றவர் என்று கேட்கப் போனாலும் சுயதொழில் என்பார்கள்.

இந்த விலக்குக்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். சம்பளக்காரர் வேலையை இழந்தால் அதற்கு முதலாளி சாட்சி. தானே தன் வேலைக்கு எஜமானனாக இருப்பவர் வேலையை இழந்தார் என்பதற்கு யார் சாட்சி? அவர் விரும்பி ஓய்வெடுக்கிறாரா, வேலை கிடைக்காமல் இருக்கிறாரா? அவருடைய வருமானம்தான் என்றைக்கு நிலையாக இருந்தது, அது குறைந்ததென்று சொல்ல? இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்கிறது, அந்த விடையும் நம் மண்ணிலேயே எழுபது ஆண்டுகளாக இருக்கிறது என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

முதலில் வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. கட்டாய வேலையிழப்புக் காப்பீட்டை நாடு முழுவதற்குமாக முதன்முதலில் சட்டமாக்கியது பிரிட்டன், 1911இல். எந்தத் தொழில்களில் தொடங்கினார்கள்? கட்டுமானம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் என்று, பருவத்துக்கும் சந்தைக்கும் ஏற்ப வேலை ஏறி இறங்கும் தொழில்களைத் தேடித்தான் எடுத்தார்கள். வாரத்துக்குத் தொழிலாளி இரண்டரை பென்னி, முதலாளி இரண்டரை பென்னி, அரசும் தன் பங்கு. தொழிலாளியிடம் ஒரு கையேடு இருக்கும், அதில் வாராவாரம் முத்திரை ஒட்டப்படும். வேலை போனால் அந்தக் கையேட்டைக் கொண்டுபோய் வேலைவாய்ப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அதுதான் சாட்சி. ஆக, வேலை நிலையில்லாமல் இருந்ததுதான் அன்று காப்பீடு பிறந்ததற்கே காரணம். இன்று அதே நிலையின்மையைக் காட்டிக் காப்பீடு மறுக்கப்படுகிறது.

இனி நம் சென்னைத் துறைமுகம். கப்பல் வந்தால் சரக்கு இறக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும், கப்பல் இல்லாத நாளில் ஒருவரும் வேண்டாம். ஒப்பந்த நிறுவனங்கள் பல. தொழிலாளி இன்று ஒருவரிடம், நாளை வேறொருவரிடம். காலையில் போய் நிற்க வேண்டும், கூப்பிட்டால் வேலை. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் இந்த வாழ்க்கையை மாற்றியது. 1950களில் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் வாரியங்கள் ஏற்பட்டன. தொழிலாளிகள் பதிவு செய்யப்பட்டார்கள். எந்த நிறுவனத்துக்கு வேலை செய்தாலும் வாரியத்தின் பொதுப் பட்டியலிலிருந்துதான் ஆள் போக வேண்டும். கூலியோடு நிறுவனங்களிடமிருந்து ஒரு தீர்வையும் வாங்கப்பட்டது. வந்து நின்று வேலை கிடைக்காமல் திரும்பிய நாளுக்கு ஒரு படி உண்டு; மாதத்துக்கு இத்தனை நாள் கூலி உறுதி என்ற கணக்கும் உண்டு.

இதைச் சற்று நிறுத்தி யோசியுங்கள். பல நிறுவனங்கள், ஒருவருக்கும் நிரந்தரமாகச் சொந்தமில்லாத உழைப்பாளி, கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் காத்திருப்பு. இன்று ஒரே கைப்பேசியில் மூன்று செயலிகளை வைத்துக்கொண்டு டார்க் ஸ்டோர் எனும் கிடங்கின் வாசலில் வண்டிமேல் உட்கார்ந்திருப்பவரின் நிலையும் இதுவே. அன்றைய துறைமுகத் தொழிலாளி வந்து நின்றதற்கு ஒரு எழுத்தர் பேரேட்டில் குறித்தார்; அந்தக் குறிப்பு சாட்சி ஆயிற்று. இன்று லாகின் செய்த நேரம், நின்ற இடம், வந்த ஆர்டர், மறுத்த ஆர்டர், கிடைத்த தொகை எல்லாம் நொடிக் கணக்கில் பதிவாகின்றன. தொழிலாளர் வரலாற்றில் இவ்வளவு துல்லியமான வருகைப் பதிவேடு இதற்குமுன் இருந்ததே கிடையாது. அது நிறுவனத்தின் கையில் மட்டும் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

சாட்சி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் தகுதியும் இருக்கிறது. நான் பார்த்த ஒவ்வொரு திட்டமும் இதையே சொல்கிறது. மேலே சொன்ன ஈஎஸ்ஐ திட்டத்தில், தொழிலாளியின் கோரிக்கை கடைசியாக வேலை பார்த்த முதலாளி வழியாக வர வேண்டும் என்று முதலில் இருந்தது. வேலையை விட்டு அனுப்பியவரிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டும். 2020இல் கொரோனா வந்தபின் அதை மாற்றினார்கள்: தொழிலாளி நேரடியாகக் கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகும், தொகையும் சராசரி ஊதியத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை கேட்டு 15 நாளுக்குள் தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு சொன்னது. முதலாளியே இல்லாதவருக்கு இந்தியச் சட்டம் தந்த வேலையிழப்பு உரிமை அது. நடைமுறையில் அந்தப் படியை வாங்கியவர்கள் மிகக் குறைவு. வேலை கேட்ட நாளைக் குறித்த ரசீது பெரும்பாலோர் கையில் தரப்படவில்லை. ரசீது இல்லையென்றால் 15 நாள் எங்கிருந்து தொடங்கும்?

அமெரிக்காவில் 2020இல் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுயதொழிலாளருக்கும் கிக் தொழிலாளருக்கும் ஒரு பெரிய நாடு ஒரே இரவில் கதவைத் திறந்துவிட்டதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அங்கே வேலையிழப்புக் காப்பீடு 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. முதலாளி செலுத்தும் வரியில் அது நடக்கிறது. முதலாளி இல்லாதவருக்கு வரியும் இல்லை, உதவியும் இல்லை. கொரோனா வந்து எல்லாம் மூடியபோது, 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான சட்டத்தில் பெருந்தொற்று வேலையிழப்பு உதவி என்று தனித்திட்டம் ஒன்று பிறந்தது. டாக்சி ஓட்டுநர், முடிதிருத்துபவர், இசைக்கலைஞர், உணவு கொண்டுபோகிறவர் என வழக்கமான காப்பீட்டுக்குள் வராத அனைவருக்கும் முதலில் 39 வாரம். பின்னர் இரண்டு முறை நீட்டித்து 79 வாரம் வரை. அதோடு 2020 ஜூலை இறுதிவரை வாரம் 600 டாலர் கூடுதல். 2021 செப்டம்பர் 6 அன்று திட்டம் முடிந்தது.

அதுவரை முடியாது என்று சொல்லப்பட்டது சில வாரங்களில் முடிந்தது. கோளாறுகளும் இருந்தன, அவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய. பல மாநிலங்களின் கணினிகள் அரைநூற்றாண்டுக்கும் மேல் பழமையான கோபோல் மொழியில் ஓடிக்கொண்டிருந்தன. அதைத் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநரே வேண்டுகோள் விடுத்தார். உதவித்தொகையைச் செலவு போக நின்ற நிகர வருமானத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். வண்டி ஓட்டுபவர் வரிக் கணக்கில் மைல் கணக்குப்படி செலவைக் கழித்திருப்பார். அதனால் அவருடைய நிகர வருமானம் காகிதத்தில் சுருங்கியிருக்கும், உதவியும் குறைந்தபட்சத் தொகைக்கு இறங்கிவிடும். இன்னொரு கூட்டம், கொஞ்சம் சம்பளமும் கொஞ்சம் சுயதொழிலும் சேர்த்துப் பிழைத்தவர்கள். சிறு சம்பள வேலை ஒன்று இருந்த காரணத்தாலேயே அவர்கள் வழக்கமான காப்பீட்டுக்குள் தள்ளப்பட்டார்கள். அங்கே அந்தச் சிறு சம்பளம் மட்டுமே கணக்கில் வந்தது, பெரிய வருமானம் விடுபட்டுப்போனது. அதைச் சரிக்கட்ட வாரம் 100 டாலர் கூடுதல் தரும் ஏற்பாடு அந்த ஆண்டின் கடைசியில்தான் வந்தது. பகலில் கடையில் நின்று மாலையில் ஸ்லாட் போட்டு வண்டி ஓட்டும் நம் ஊர்ப் பிள்ளைகளை நினைத்தால், இந்தக் கூட்டம் இங்கே எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது புரியும்.

மோசடியும் நடந்தது. விண்ணப்பித்தவரின் சொல்லை நம்பி முதலில் பணம் கொடுத்தார்கள். ஆவணம் கேட்கும் விதி 2020 டிசம்பரில்தான் வந்தது. கொரோனா கால வேலையிழப்புத் திட்டங்கள் அனைத்திலும் சேர்த்து 10,000 கோடி முதல் 13,500 கோடி டாலர் வரை மோசடியில் போயிருக்கலாம் என்று அந்நாட்டின் அரசுத் தணிக்கை அமைப்பு மதிப்பிட்டது. அமைப்பாகத் திரண்ட திருட்டுக் கும்பல்கள் பிறர் பெயரில் விண்ணப்பித்ததும் இதில் அடக்கம். இதைக் காட்டி, சுயதொழிலாளருக்கு உதவி என்றாலே இப்படித்தான் என்பவர்கள் உண்டு. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. வருமானப் பதிவு அரசிடம் முன்கூட்டியே இல்லாததால்தான் வாய்ச்சொல்லை நம்ப வேண்டி வந்தது.

நியூயார்க் இதற்குச் சாட்சி. பெருந்தொற்று உதவியைத் தந்த அந்தச் சட்டம் கையெழுத்தாவதற்கு முதல் நாள், 2020 மார்ச் 26 அன்று, போஸ்ட்மேட்ஸ் நிறுவனத்துக்காகப் பொருள் கொண்டுபோனவர் வேலையிழப்புக் காப்பீட்டைப் பொறுத்தவரை அதன் ஊழியரே என்று நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் செயலி வழி டாக்சி ஓட்டியவர்களுக்குப் பணம் வரவில்லை. அவர்களுடைய வருமான விவரம் நிறுவனங்களிடம் இருந்தது, மாநிலத்திடம் இல்லை. டாக்சித் தொழிலாளர் சங்கம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. தாமதமின்றிப் பணம் கொடுங்கள் என்று அந்த ஜூலையில் உத்தரவு வந்தது. அதற்குள் பல ஓட்டுநர் குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தன. பக்கத்து நியூ ஜெர்சியில், ஓட்டுநர்களுக்காகச் செலுத்தியிருக்க வேண்டிய வேலையிழப்பு, ஊனக் காப்பீட்டுப் பங்குக்காக ஊபர் 2022இல் 10 கோடி டாலர் கட்டியது.

பிரான்ஸ் 2019 நவம்பரில் சுயதொழிலாளருக்கு நாளொன்றுக்கு 26.30 யூரோ, ஆறு மாதம் என்று ஒரு திட்டம் தந்தது. நீதிமன்றம் வழியாகத் தொழிலை மூட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளால் பயன் பெற்றவர்கள் சொற்பம். பின்னர் தளர்த்த வேண்டியதாயிற்று. தென்கொரியாவின் வழி எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுகிறது. 2022 ஜனவரி முதல், செயலி வழிப் பொருள் கொண்டுபோகிறவர்களையும் பிறர் வண்டியைக் கூலிக்கு ஓட்டிக் கொடுப்பவர்களையும் வேலைவாய்ப்புக் காப்பீட்டில் சேர்த்தார்கள். வருமானத்தில் ஒரு சிறு பங்கு. பாதி தொழிலாளி, பாதி தொழில் தருபவர். செயலி நிறுவனமே பிடித்துக் கட்டி, வருமான விவரத்தையும் கொடுக்க வேண்டும். வருமானம் 30 விழுக்காடு குறைந்துபோனதால் வேலையை விட்டவரும் அங்கே தகுதி பெறலாம். வேலை ஒரே நாளில் போவதும் உண்டு, சிறுகச் சிறுகத் தேய்ந்து போவதும் உண்டு என்பதை அந்த விதி புரிந்துவைத்திருக்கிறது.

கொரியா வரை போகத் தேவையில்லை, நம் கடற்கரைக்கு வாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். விசைப்படகில் போகும் மீனவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ் செலவைக் கழித்து மிஞ்சியதில் பங்குதான். பாடு கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சட்டப்படி பார்த்தால் அவரும் நம் இளைஞரைப் போலவே எந்தப் பட்டியலிலும் இல்லாதவர். ஆனால் தமிழ்நாடு அரசு அவரிடம் போய் நீ வேலை இழந்ததற்கு யார் சாட்சி என்று கேட்பதில்லை. தடைக்காலம் அறிவித்ததே சாட்சி. குடும்பத்துக்கு ₹8,000 நிவாரணம். இதற்கும் மேலே ஒரு திட்டம் உண்டு. மீன்வரத்துள்ள மாதங்களில் மீனவர் ₹1,500 சேமித்தால், மாநில அரசு ₹1,500, மத்திய அரசு ₹1,500 சேர்த்து, வருமானம் குறையும் காலத்தில் ₹4,500 ஆகத் திருப்பித் தருகிறார்கள். 1911இல் பிரிட்டனில் செய்த முத்தரப்புப் பங்களிப்பைப் போன்றதுதான் இது. ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் காசிமேட்டிலும் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் வேலை நிற்கும்போது ₹5,000 தருவதும் இதே வகை.

இதன் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். கர்நாடகத்தில் 2025 ஜூன் 16 அன்று, நீதிமன்ற உத்தரவின் விளைவாக பைக் டாக்சிகள் நின்றன. சட்டம்தான் வேலையை நிறுத்தியது, தடைக்காலம் மீன்பிடிப்பை நிறுத்துவதைப் போலவே. வாரக்கணக்கில் வருமானமின்றி நின்ற அந்த ஓட்டுநர்களுக்கு வேலையிழப்புத் தொகை என்று ஒன்று வருவதற்கான சட்ட வழி எதுவும் இல்லை. 2023 தொடக்கத்தில் சொமாட்டோ ஏறத்தாழ 225 சிறு நகரங்களில் சேவையை நிறுத்தியதாக அறிவித்தது. அந்த ஊர்களில் உணவு கொண்டுபோனவர்களுக்கு அது ஆட்குறைப்பே. ஆனால் ஆட்குறைப்புச் சட்டம் எதுவும் அவர்களைத் தொடவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ‘பிற நன்மைகள்’ என்ற வரியின் கீழ் வேலையிழப்பை வெளிப்படையாக எழுத வேண்டும். எந்த நிகழ்வுகள் வேலையிழப்பு என்று எண்ணப்படும் என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். நிறுவனம் ஐடியை முடக்குவது ஒன்று. சேவையை ஓர் ஊரிலிருந்து எடுத்துக்கொள்வது இன்னொன்று. அரசோ நீதிமன்றமோ ஒரு சேவையை நிறுத்துவது, புயல் வெள்ளத்தால் ஊர் முடங்குவது ஆகியவையும் அதில் வர வேண்டும். கடைசியாக, லாகின் நேரம் குறையாமல் இருந்தும் நான்கு வார வருமானம் முந்தைய சராசரியில் பாதிக்குக் கீழே இறங்குவது. விரும்பி ஓய்வெடுப்பவரையும் வேலை கிடைக்காதவரையும் பிரித்துக் காட்டுவது இந்த லாகின் நேரம்தான். வீட்டில் படுத்திருப்பவருக்கு லாகின் இருக்காது. ஆறு மணி நேரம் வெயிலில் நின்று மூன்று ஆர்டர் பார்த்தவருக்கு இருக்கும்.

செயலியில் உள்ள பதிவேட்டின் ஒரு நகல் மாதந்தோறும் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போக வேண்டும். இன்னொரு நகல் தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். அமெரிக்கர்கள் நிகர வருமானத்தில் இடறியதைப் பார்த்தோம். இங்கே பெரும்பாலோர் வரிக் கணக்கே தாக்கல் செய்வதில்லை. எனவே ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பெட்ரோலுக்கும் தேய்மானத்துக்கும் ஒரே அளவாகக் கழித்துவிட்டு மீதியை வருமானமாகக் கொள்வதே எளிது. எல்லாச் செயலிகளின் வருமானமும் ஒரே கணக்கில் சேர வேண்டும், பக்கத்தில் ஒரு சம்பள வேலை இருந்தால் அதுவும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. மாதம் ₹20,000 பெறுபவருக்கு இரண்டு மாதத்துக்குப் பாதி வருமானம் என்றால் ₹20,000. ஆண்டுக்குப் பத்துப் பேரில் ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்றால் தலைக்கு ஆண்டுக்கு ₹2,000 ஆகிறது. அவருடைய ஆண்டு வருமானமான ₹2,40,000இல் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பத்துக்கு இருவர் என்றாலும் இரண்டு விழுக்காட்டுக்குள் அடங்கும். சட்டம் நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு ஐந்து விழுக்காடு. அந்த ஐந்துக்குள் விபத்துக்கும் மருத்துவத்துக்கும் முதுமைக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்பது உண்மைதான். அதனால்தான் கொரியாவைப் போலத் தொழிலாளியும் ஒரு சிறு பங்கு தரலாம் என்கிறேன். இதைச் சங்கத் தோழர்கள் எல்லோரும் ஏற்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் தன் பங்கும் சேர்ந்த நிதியில் தனக்கு உரியதைக் கேட்க யாரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மீனவரின் ₹1,500இல் அந்தத் தெம்பு இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தகுதிக்கு நாள் கணக்கு வைக்கும்போது கடுமையாக வைத்தால், வேலை குறைந்தவர்தான் முதலில் வெளியே போவார். நடுவண் அரசு வெளியிட்ட வரைவு விதிகள் ஒரு நிறுவனத்தில் 90 நாள் அல்லது பல நிறுவனங்களில் சேர்த்து 120 நாள் என்கின்றன. பிரசவத்துக்காக விலகியிருந்த அழகுக்கலைப் பணியாளரும், காலொடிந்து படுத்த ஓட்டுநரும் அந்த எண்ணிக்கையில் தவறிவிடக் கூடாது. மகப்பேறும் காயமும் வேலை நாளாகவே எண்ணப்பட வேண்டும். இன்னொன்று ஐடி முடக்கம். கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் இல்லாமல் ஒருவரை நீக்கக் கூடாது என்கிறது. அந்த எழுத்து இல்லாமல் வேலையிழப்புத் தொகை நடக்காது. தன் தவற்றால் நீக்கப்பட்டார் என்று நிறுவனம் சொல்லிவிட்டால் தகுதி போய்விடும் என்று வைத்தால், எல்லோரையும் அப்படியே எழுதிவிட முடியும். நிறுவனம் காரணத்தை நிரூபிக்கும்வரை தொகை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் கிக் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அது வந்திருக்கிறது. மின்வண்டி வாங்க மானியம், விபத்துக் காப்பீடு என்று அரசு அறிவித்திருக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் கர்நாடகத்தைப் போல ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நிறுவனத்திடமிருந்து கட்டணம் பிடிக்கும் தனிச்சட்டம் நமக்கு வேண்டும். அச்சட்டத்தில் பதிவேட்டின் நகலைக் கேட்கும் அதிகாரமும் வேலையிழப்புத் தொகையும் முதல் நாளே எழுதப்பட வேண்டும். ஆண்டுகள் கழித்துத் திருத்தமாகச் சேர்க்கலாம் என்று விட்டால் அது சேராது.

செயலியே இல்லாத சுயதொழிலாளரைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. தள்ளுவண்டியில் இட்லி விற்பவர், ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரர், வீட்டில் பிளவுஸ் தைப்பவர். அவர்களுக்கு லாகின் பதிவு கிடையாது. கொரியாவின் வழியோ நான் சொன்ன வழியோ அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு மீனவர் வழிதான் பொருந்தும்: தனி ஆளின் வருமானத்தை அளக்காமல், தொழிலையும் நிகழ்வையும் வைத்துக் கொடுப்பது. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி வியாபாரிகளுக்கு அடையாள அட்டை தர வேண்டும். ஆட்டோவுக்குப் பெர்மிட் இருக்கிறது. தையல் தொழிலாளருக்கு நல வாரியமே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் ரேஷன் அட்டைக்கு ₹6,000 என்று அரசு கொடுத்தது. அது குடும்பத்துக்கான பொது நிவாரணம். பத்து நாள் கடை போட முடியாமல் போன வியாபாரத்துக்கு அதில் தனிக்கணக்கு இல்லை. மாவட்ட ஆட்சியர் முடக்க நாட்களை அறிவித்தால், அந்த அட்டைகளின்மேல் நாளுக்கு இவ்வளவு என்று வங்கிக் கணக்கில் போடலாம். அட்டை பெறாத வியாபாரிகள் நம் நகரங்களில் ஏராளம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக அவர்களுக்கு அட்டை கொடுத்து முடிப்பதிலிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.